ஆபீஸ் கதவுக்கு எலக்ட்ரானிக் பூட்டு: உள்ளே நின்று யோசித்து வாங்குங்கள்

வணக்கம் நண்பர்களே. கமெண்டில் அதிகமாக வரும் கேள்வியை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆபீஸ் வாசலுக்கு கார்டு மெஷின் போடலாமா, கைரேகை போடலாமா, முகம் பார்த்துத் திறக்கும் மெஷின் போடலாமா? கேட்கிற எல்லாரும் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்கிறீர்கள். கொஞ்சம் உள்ளே வாருங்கள். கதவைச் சாத்தியாயிற்று, மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கதவு திறந்துகொள்ள வேண்டுமா, பூட்டியே இருக்க வேண்டுமா? இதற்குப் பதில் தெரிந்தால்தான் எந்தப் பூட்டு என்று என்னால் சொல்ல முடியும். மெஷின், பிராண்டு எல்லாம் அப்புறம்.

நம் ஊர் ஆபீஸ்களில் பெரும்பாலும் மாட்டியிருப்பது இதுதான், பக்கத்தில் கொண்டுவந்து காட்டுகிறேன். இஎம் லாக். இந்த நீளமான அலுமினியப் பெட்டிக்குள் மின்காந்தம் இருக்கிறது. இது நிலையின் மேல்பக்கம் உட்காரும். இந்தத் தனி இரும்புத் தட்டு கதவில் உட்காரும். 12 வோல்ட் கொடுத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நாக்கு, சாவித்துளை எதுவும் கிடையாது, தேய்வதற்கும் ஒன்றும் இல்லை. உள் கதவுகளுக்கு 600 பவுண்டு லாக் போடுவார்கள், அதாவது சுமார் 270 கிலோ இழுவை தாங்கும். பெரிய வாசலுக்கு 1200 பவுண்டு, ஏறக்குறைய 540 கிலோ.

அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண் அது. உங்கள் கதவில் அவ்வளவு கிடைக்குமா என்பது வேறு கதை. இப்போது பலகையில் பிணைத்து கரண்ட் கொடுத்திருக்கிறேன். இரண்டு கையாலும் இழுக்கிறேன், அசையவே இல்லை. அணைத்துவிட்டு, தட்டுக்கும் காந்தத்துக்கும் நடுவில் இந்தத் தடித்த ஆபீஸ் கார்டைச் சொருகுகிறேன். மறுபடி கரண்ட். ஒரு கையால் இழுக்கிறேன்... வந்துவிட்டது, பார்த்தீர்களா? கார்டின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. தட்டும் காந்தமும் முழுசாகப் படிந்தால்தான் பிடிப்பு. நடுவில் தூசி, பெயின்ட், துரு எது வந்தாலும் பிடிப்பு போய்விடும்.

அதனால்தான் தட்டை மாட்டும்போது நடு போல்ட்டில் இந்த ரப்பர் வாஷரைக் கொடுத்திருக்கிறார்கள். தட்டு லேசாக ஆட வேண்டும். ஆடினால்தான் கதவு கொஞ்சம் சாய்வாக வந்தாலும் அது தானாகத் திரும்பிக் காந்தத்தில் படியும். நிறைய இடங்களில் வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டு, போல்ட்டை ஸ்பேனர் போட்டு இறுக்கிவிட்டுப் போகிறார்கள். பார்க்க கச்சிதமாக இருக்கும். ஆனால் ஒரு ஓரம் மட்டும் ஒட்டியிருக்கும், தோளால் ஒரு தள்ளு தள்ளினால் கதவு திறந்துவிடும். அப்புறம் "லாக் டூப்ளிகேட், ஏமாற்றிவிட்டார்கள்" என்று புகார்.

இன்னொரு திருட்டு ஒயரில் நடக்கிறது. பவர் சப்ளை ரிசப்ஷனில் இருக்கும், கதவு முப்பது மீட்டர் தள்ளி இருக்கும். நெட்வொர்க்குக்கு வாங்கிய கேட்-6 ஒயர் மிச்சம் கிடக்கிறது என்று அதில் ஒரு ஜோடியை லாக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். லாக் சுமார் அரை ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு மெல்லிய கம்பியில் போக முப்பது, வர முப்பது என்று அறுபது மீட்டர் ஓடினால் சுமார் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். பவர் சப்ளையில் 12 காட்டும், லாக்கின் முனையில் 10தான் இருக்கும். மல்டிமீட்டரை லாக் முனையில் வையுங்கள், கதவு பூட்டிய நிலையில் வையுங்கள். கம்பியைக் கழற்றிவிட்டு அளந்தால் 12 என்றுதான் காட்டும், அதில் பயனில்லை. நான் 1.5 ஸ்கொயர் ஒயர்தான் இழுப்பேன். ரேட் கொஞ்சம் கூடும், கூடட்டும்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: லாக் முனையில் ஒரு டையோடை (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்னப் பாகம்) தலைகீழாகப் போடுங்கள், சாதாரண 4007 போதும். காந்தத்தை அணைக்கும் நொடியில் காயிலிலிருந்து ஒரு உதை திரும்பி வரும். கன்ட்ரோலர் என்பது கதவைத் திறக்கலாமா என்று முடிவுசெய்யும் பெட்டி, அதற்குள் லாக்கின் கரண்ட்டை விட்டு நிறுத்தும் ஸ்விட்ச்தான் ரிலே. டையோடு இல்லாவிட்டால் அந்த ரிலேயின் காண்டாக்ட் கருகிக்கொண்டே வந்து ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். சில லாக்குகளில் உள்ளேயே பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள், தாளில் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது முதல் கேள்விக்கு வருவோம். இஎம் லாக் ஒட்டியிருப்பதே கரண்ட்டால்தான். கரண்ட் போனால் திறந்துவிடும், அதை மாற்ற முடியாது. அதற்காகத்தான் பேட்டரி. வழக்கமாகக் கொடுப்பது 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-மணி) எஸ்எம்எஃப் பேட்டரி, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகை. லாக் அரை ஆம்பியர், கன்ட்ரோலரும் ரீடரும் (கார்டைப் படிக்கும் மெஷின்) சேர்ந்து கால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே. கணக்குப்படி எட்டு ஒன்பது மணி நேரம். புது பேட்டரியில் ஆறேழு மணி நேரம் எதிர்பார்க்கலாம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே சூட்டில் இரண்டு மூன்று வருடம் வெந்த பேட்டரி என்றால் சாப்பாட்டு நேரம் வரைகூடத் தாங்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் நாள் கணக்கில் கரண்ட் இல்லாத பகுதிகள் இருந்தன. அப்படிப்பட்ட சமயத்தில் வெறும் இஎம் லாக்கை நம்பிய கதவு, பேட்டரி தீர்ந்ததும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். அதனால் ஆபீஸ் வாசலில் ராத்திரிக்கு ஷட்டரோ சாதாரண சாவிப் பூட்டோ கட்டாயம் வேண்டும். இஎம் லாக் பகல்நேர வாட்ச்மேன், அவ்வளவுதான்.

பணம் வைக்கும் அறை, சர்வர் அறை, மருந்துக் கிடங்கு இதற்கெல்லாம் ஸ்ட்ரைக் கேளுங்கள். இதோ, நிலையில் சாதாரணத் தகடு இருக்கும் இடத்தில் இது உட்காரும். கதவில் வழக்கமான கைப்பிடிப் பூட்டு அப்படியே இருக்கும். கார்டு காட்டினால் ஸ்ட்ரைக்கின் இந்த உதடு மட்டும் விலகும், பூட்டின் நாக்கு வெளியே வந்துவிடும். கரண்ட் போனால் பூட்டியே இருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு வகையும் கடையில் உண்டு. உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்வாரே என்று பயப்பட வேண்டாம். உள்பக்கக் கைப்பிடியைத் திருப்பினால் நாக்கு உள்வாங்கும், அதற்குக் கரண்ட்டே தேவையில்லை. நிலையில் பள்ளம் வெட்ட வேண்டியிருப்பதால் நிறையப் பேர் இந்த வேலையைத் தவிர்க்கிறார்கள். ஃப்ரேம் இல்லாத கண்ணாடிக் கதவுக்கு டிராப் போல்ட் என்று ஒன்று தருவார்கள், ஒரு கம்பி துளையில் இறங்கிக் கதவைப் பூட்டும். கதவு மூன்று மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் கம்பி துளையில் இறங்காது. ஃப்ளோர் ஸ்பிரிங் (தரைக்குள் இருந்து கதவைத் திருப்பி மூடும் ஸ்பிரிங்) நல்ல நிலையில் இல்லாத இடத்தில் அதை நான் போடுவதில்லை.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

1911 மார்ச் 25, நியூயார்க். டிரையாங்கிள் ஷர்ட்வெய்ஸ்ட் என்று ஒரு தையல் தொழிற்சாலை, பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் நடந்தது. வேலை முடிந்து போகிறவர்கள் பையில் துணியை எடுத்துப் போய்விடக் கூடாது, எல்லாரும் ஒரே வாசல் வழியாகப் போய்ச் சோதனைக்கு நிற்க வேண்டும் என்பது முதலாளிகளின் ஏற்பாடு. அன்றைக்குத் தீப்பிடித்தபோது ஒன்பதாவது தளத்தில் ஒரு படிக்கட்டுக் கதவு பூட்டிக் கிடந்தது. 146 பேர் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். அந்த முதலாளிகள் அன்றைக்குச் சாவியால் செய்ததைத்தான் நாம் இன்றைக்கு கார்டாலும் காந்தத்தாலும் செய்கிறோம். யார் எப்போது போனார்கள் என்று தெரிய வேண்டும் என்று நீங்கள் என்னிடம் கேட்கிறீர்களே, அதே ஆசைதான். கேட்பதில் தப்பில்லை. அந்தக் கதவு தீயின்போது என்ன செய்யும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நம் நாட்டின் 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதியிலும் இது இருக்கிறது: வெளியேறும் வழியில் இருக்கும் கதவை, வெளியேறுகிறவர் நிற்கும் பக்கத்திலிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். உள்ளே ஒரு எக்ஸிட் பட்டன் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அந்தப் பட்டன் நேராக லாக்குக்குப் போவதில்லை. கன்ட்ரோலருக்குப் போகிறது, கன்ட்ரோலர் யோசித்து ரிலேயைத் தட்டுகிறது. கன்ட்ரோலர் ஹேங் ஆகிவிட்டால்? பட்டனை அமுக்கிக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

அதற்குத்தான் இந்தப் பச்சைப் பெட்டி, பிரேக் கிளாஸ். இது லாக்குக்குப் போகும் 12 வோல்ட் கம்பியையே நேராகத் துண்டிக்க வேண்டும், நடுவில் கன்ட்ரோலரோ சாஃப்ட்வேரோ வரக் கூடாது. சில இடங்களில் இதன் கம்பியும் எக்ஸிட் பட்டன் கம்பியோடு சேர்ந்து கன்ட்ரோலருக்கே போயிருக்கும். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது போலத்தான் அது.

ஃபயர் பேனல் (தீ அலாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருக்கும் கட்டடம் என்றால், அலாரம் அடித்ததும் லாக்குகள் தானாக விட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சிலர் ஃபயர் பேனலின் ரிலேயை பவர் சப்ளைக்கு வரும் 230 வோல்ட்டில் கொடுத்துவிடுகிறார்கள். அலாரம் அடிக்கும், மெயின் கரண்ட் போகும், உடனே பேட்டரி ஓடி வந்து லாக்கைப் பிடித்துக்கொள்ளும்! நல்ல பேட்டரியாக இருந்தால் அன்றைக்கு அதுவே எமன். பேட்டரியைத் தாண்டி, லாக்குக்குக் கிளம்பும் கம்பியில்தான் அந்த ரிலே உட்கார வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவாவது உங்கள் இன்ஸ்டாலரிடம் ஒயரிங் படத்தைப் பேப்பரில் வரைந்து வாங்குங்கள். ஃபயர் படிக்கட்டுக் கதவில் இஎம் லாக் போடச் சொல்லி என்னைக் கூப்பிட்டால், உள்ளிருந்து இடுப்பால் தள்ளினாலே திறக்கும் பேனிக் பார் போடச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இப்போது வெளிப்பக்கம் போகலாம். கார்டில் பழைய வகை 125 கிலோஹெர்ட்ஸ். ரீடரின் பக்கத்தில் போனால் தன் எண்ணை யார் கேட்டாலும் சொல்லிவிடும், ரகசியக் குறி எதுவும் கிடையாது. கையடக்கக் கருவியில் சில நொடிகளில் நகல் எடுத்துவிடலாம். அடுத்து 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் மைஃபேர் கிளாசிக் என்ற கார்டு. அதன் ரகசியக் குறிக் கணக்கை 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தினர் உடைத்துக் காட்டினார்கள். கட்டுரையை வெளியிடக் கூடாது என்று சிப் தயாரித்த என்எக்ஸ்பி நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது, கோர்ட் மறுத்துவிட்டது. இத்தனை வருடம் கழித்து, 2024 மார்ச்சில், சாஃப்லாக் என்ற ஹோட்டல் கதவுப் பூட்டுகளில் ஓட்டை இருப்பது வெளியே வந்தது. 131 நாடுகளில் 30 லட்சம் கதவுகள், அவற்றிலும் மைஃபேர் கிளாசிக் கார்டுகள்தான். புதிதாக வாங்குகிறவர்கள் டெஸ்ஃபயர் என்ற பாதுகாப்பு கூடிய வகையில் இவி2 அல்லது இவி3 கார்டும் அதைப் படிக்கும் ரீடரும் கேளுங்கள். ரீடர் வெறும் கார்டின் வரிசை எண்ணை மட்டும் படிக்கும் மாதிரி அமைத்துவிட்டால் டெஸ்ஃபயர் வாங்கியும் வீண், அதையும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கார்டை விட எனக்குக் கவலை தருவது, வெளிச்சுவரில் மாட்டும் சின்ன மெஷின்களின் முதுகு. ரீடரும் கன்ட்ரோலரும் ரிலேயும் ஒரே டப்பாவில். லாக் கம்பியும் எக்ஸிட் பட்டன் கம்பியும் அதன் பின்னாலேயே வந்து நிற்கும். ஒரு ஸ்குரூவைக் கழற்றுகிறவனுக்கு உங்கள் விரல் ரேகை எதற்கு? ரிலே உள்பக்கம் இருக்க வேண்டும், வெளியே ரீடர் மட்டும் நிற்க வேண்டும். ரீடருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே வீகண்ட் என்ற பழைய முறைக் கம்பிக்குப் பதில் ஓஎஸ்டிபி என்ற புதிய முறை வசதி இருந்தால் இன்னும் நல்லது, பேச்சைக் குறிமாற்றி அனுப்பலாம். அதுவும் அதிலுள்ள செக்யூர் சேனல் என்ற அமைப்பை ஆன் செய்தால்தான்.

கைரேகை, முகம் பற்றி ஒரே வார்த்தை. கார்டு திருடுபோனால் வேறு கார்டு கொடுக்கலாம், விரலை மாற்ற முடியாது. சிமெண்டிலும் கெமிக்கலிலும் வேலை செய்கிறவர்களின் ரேகையை மெஷின் படிக்கவும் திணறும். வருகைப் பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், கதவுக்குக் கார்டே போதும் என்பது என் கட்சி.

எல்லாம் கிளவுடில் இருக்கிறது, மொபைலிலேயே திறக்கலாம் என்று வருகிறவரிடம், நெட் போனால் கன்ட்ரோலர் தன் நினைவிலிருந்தே கார்டுகளைச் சரிபார்க்குமா என்று கேளுங்கள். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக் உலகம் முழுக்க ஆறு மணி நேரம் போல விழுந்து கிடந்தபோது, அதன் ஊழியர்களுக்கே ஆபீஸ் கதவில் கார்டு வேலை செய்யவில்லை என்று செய்தி வந்தது.

இன்ஸ்டாலருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் அவரையும் கூட வைத்துக்கொண்டு சோதனை செய்யுங்கள். மெயினை அணைத்துவிட்டு பேட்டரியில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். பேட்டரி ஓடும்போதே பிரேக் கிளாஸை அமுக்குங்கள், கதவு விட வேண்டும். கன்ட்ரோலரை அணைத்துவிட்டு மறுபடி அமுக்குங்கள். ஃபயர் பேனலில் டெஸ்ட் அலாரம் கொடுங்கள். ஏசி ஓடும்போது கதவைக் கையை விட்டுவிட்டுப் பாருங்கள். காற்றழுத்தத்தில் கடைசி ஒரு அங்குலம் மூடாமல் நிற்கும் கதவுகள் நிறைய இருக்கின்றன, குளோசரை (கதவைத் தானாக மூடும் கருவி) திருகிச் சரிசெய்தால் போதும், அதற்காக லாக்கை மாற்ற வேண்டாம்.

உங்கள் கதவுக்கு எது சரி என்று கேட்கிறவர்கள், கதவு மரமா, கண்ணாடியா, அலுமினியமா, உள்பக்கம் திறக்கிறதா வெளிப்பக்கமா, மேலே நிலை எவ்வளவு அகலம் என்பதை எழுதுங்கள். உள்பக்கம் திறக்கும் கதவு என்றால் இசட்எல் பிராக்கெட் (இரும்புத் தட்டைக் காந்தத்துக்கு நேரே நிறுத்தும் வளைந்த தகடுகள்) வேண்டும், அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அந்த பிராக்கெட் மாட்டும் வேலையைத்தான் அடுத்த வீடியோவில் காட்டப் போகிறேன்.