கொமோடோ தீவின் பேருடும்பு

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

கரட்டுக்காட்டிலும் வேலியோரத்திலும் நீங்கள் உடும்பைப் பார்த்திருப்பீர்கள். அதன் நெருங்கிய உறவு விலங்கு ஒன்று இந்தோனேசியாவில் வாழ்கிறது. வால் நுனிவரை அளந்தால் 3 மீட்டர் வரும். வளர்ந்த ஆண் 70 கிலோ இருக்கும். அதுதான் கொமோடோ டிராகன். கொமோடோ, ரிஞ்சா, பக்கத்தில் சில சிறு தீவுகள், புளோரஸ் தீவின் கரையோரம், இவற்றை விட்டால் வேறெங்கும் அதற்குக் காடு இல்லை. அங்குள்ள மக்கள் அதை 'ஓரா' என்று அழைக்கிறார்கள். 1912-இல்தான் அறிவியல் உலகம் அதைப் பற்றி எழுதியது.

'அதன் வாய் முழுக்க அழுக்கு. ஒரு கடி கடித்துவிட்டு விட்டுவிடும். கிருமி ஏறி மாடு செத்ததும் போய்த் தின்னும்.' இப்படித்தான் நம்மில் பலர் படித்திருக்கிறோம். அந்த விலங்குக்கு இது பெரிய அநியாயம் என்பேன். இரை தின்றபின் அது நாக்கால் உதட்டை நக்கி, தலையை இலைதழையில் தேய்த்து, வாயை நன்றாகவே சுத்தம் செய்துகொள்கிறது. 2013-இல் வெளிவந்த ஆய்வு, அதன் வாயில் இருப்பவை மற்ற ஊனுண்ணிகளின் வாயிலும் இருக்கிற சாதாரணக் கிருமிகளே என்று காட்டியது. கடிபட்ட எருமைகள் புண்ணோடு சேற்றுக் குட்டையில் போய்ப் படுக்கின்றன. புண் சீழ் பிடிப்பது அங்கேதான்.

அப்படியானால் அது எப்படிக் கொல்கிறது? மான் நடக்கும் தடத்தின் ஓரத்தில், புல்லோடு புல்லாக, அசையாமல் படுத்திருக்கும். மான் எட்டும் தூரத்துக்கு வந்ததும் பாயும். முதலையைப் போல நசுக்கும் தாடை வலிமை அதற்குக் கிடையாது. கவ்வியதும் தன் கழுத்தையும் உடம்பையும் பின்னுக்கு இழுக்கும். சுமார் 60 பற்கள். ஒவ்வொன்றும் பின்னோக்கி வளைந்து, விளிம்பில் அரம்போல் கூரிட்டவை. அந்த விளிம்பிலும் நுனியிலும் இரும்புச்சத்து படிந்து ஆரஞ்சு நிறத்தில் இருப்பதை 2024-இல் கண்டறிந்தார்கள். இழுத்த இழுப்பில் சதை கிழிந்துவிடும். கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பியும் உண்டு என்று 2009-இல் ஆய்வாளர் பிரையன் ஃப்ரை குழுவினர் காட்டினார்கள். அந்த நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுக்கும், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். கிழிந்த காயம், நிற்காத இரத்தம்: மான் துவண்டு விழுந்துவிடும்.

பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டிக் காற்றின் வாசனையைப் பிடித்து, பல கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் பிணத்தையும் தேடி வந்துவிடும். ஒரே வேளையில் தன் எடையில் 80 சதவீதம் வரை தின்னும். பெரிய துண்டு தொண்டையில் இறங்காவிட்டால், அதை மரத்தில் முட்டி உள்ளே தள்ளும். அப்போது மூச்சு முட்டாதிருக்க நாக்கின் அடியில் ஒரு குழாய் இருக்கிறது. கொம்பு, மயிர், பல் எல்லாவற்றையும் பிறகு உருண்டையாகக் கக்கிவிடும்.

பெரும்பாலும் காட்டுக்கோழி போன்ற ஒரு பறவை குவித்து வைத்த மண்மேட்டைத் தோண்டித்தான் பெண் சுமார் 20 முட்டைகள் இடும். ஏழெட்டு மாதம் கழித்துக் குஞ்சு வெளிவரும், வந்ததும் மரமேறிவிடும். ஏனென்றால் பெரிய ஓராக்கள் அதையும் விழுங்கும். முதல் சில ஆண்டுகள் மரத்திலேயே பூச்சியும் பல்லியும் தின்று வளர்கிறது. ஆண் துணையே இல்லாமலும் பெண் முட்டையிட்டுக் குஞ்சு பெறும் என்பது 2006-இல் இங்கிலாந்தின் உயிர்க்காட்சிச் சாலைகளில் உறுதியானது.

கொமோடோ கிராமத்து மக்கள், ஓராவும் மனிதனும் ஒரு தாய் பெற்ற இரட்டைப் பிள்ளைகள் என்று கதை சொல்கிறார்கள். அவர்களின் தீவு 1980 முதல் தேசியப் பூங்கா. இருந்தும் 2021-இல் இந்த விலங்கு அழியும் ஆபத்திலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. கடல்மட்டம் உயர உயர, அடுத்த 45 ஆண்டுகளில் அதற்கு ஏற்ற வாழிடத்தில் 30 சதவீதமாவது சுருங்கும் என்பது கணிப்பு. அதைவிட எனக்குக் கவலை தருவது திருட்டுத்தனமான மான் வேட்டை. காவல் படகுகள் கண் அசந்தால் தீவில் மான் குறையும். மான் குறைந்தால் ஓரா பட்டினி கிடக்கும்.

நன்றி, வணக்கம்.