ரிச்சர்ட் பெட்டியின் 200 வெற்றிகள்

நேயர்களுக்கு வணக்கம். 1984-ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று, ஃபுளோரிடாவின் டேட்டோனா பந்தயத் தடத்தில், அதிபர் ரீகன் பார்த்திருக்க, கேல் யார்பரோவை மயிரிழையில் முந்தி, அமெரிக்கக் கார் பந்தய ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டி, ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் அமைப்பான நாஸ்காரில் தம் 200-ஆவது வெற்றியைப் பெற்றார். சாலையில் ஓடும் கார்களின் தோற்றத்தில் அமைந்த வண்டிகள் நூற்றுக்கணக்கான மைல்கள் ஓடும் ஸ்டாக் கார் பந்தயத்தில், அதன் தலைமைத் தொடரில் வேறு எவரும் அந்த எண்ணை நெருங்கியதில்லை.

இனி நெருங்குவதும் அரிது. 1971 வரை ஓராண்டில் ஏறத்தாழ ஐம்பது பந்தயங்கள் நடந்தன. அவற்றுள் பல, அரை மைல் சுற்றளவுள்ள சிறு தடங்களில் நடந்தவை. 1972-இல் அந்த எண்ணிக்கை 31 ஆகக் குறைந்தது. இதைக் காட்டிப் பெட்டியின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவோர் உண்டு. அதை நான் ஏற்கவில்லை, ஏனெனில் அந்த வாய்ப்பு அன்று ஓட்டிய எல்லோருக்கும் இருந்தது. 1967-இல் 48 பந்தயங்களில் ஓட்டி 27-இல் வென்றவர் பெட்டி ஒருவரே. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை தொடர்ந்து பத்துப் பந்தயங்களை வென்றவரும் அவரே. எஞ்சின் பழுதும் டயர் வெடிப்பும் அன்றாடம் நிகழ்ந்த காலத்தில், பத்து முறையும் வண்டி பழுதாகி நிற்காமல் ஓடி முடித்ததை நினைக்கும்போது, எஞ்சின்களை உருவாக்கிய தம்பி மாரிஸையும், குழுவை வழிநடத்திய உறவினர் டேல் இன்மனையும் போற்றாமல் இருக்க முடியவில்லை.

ஆயினும் வெற்றி விகிதத்தில் பார்த்தால், பெட்டியின் போட்டியாளரான டேவிட் பியர்சன் ஒரு படி மேலே நிற்கிறார். பெட்டி ஏறத்தாழ 1,180 பந்தயங்களில் 200 முறை வென்றார். பியர்சனோ 574 பந்தயங்களிலேயே 105 முறை வென்றார். இருவரும் முதலிரண்டு இடங்களைப் பிடித்த பந்தயங்கள் 63. அவற்றில் முந்தியவர் 33 முறை பியர்சன், 30 முறை பெட்டி. 1976 டேட்டோனா 500 பந்தயத்தின் கடைசி வளைவில் இருவரின் கார்களும் மோதிச் சுவரில் இடித்துச் சுழன்றன. எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால், புல்வெளியில், பெட்டியின் எஞ்சின் நின்றுவிட்டது. சுழலும்போதே கிளட்ச்சை மிதித்து எஞ்சினை அணையாமல் காத்த பியர்சன், நொறுங்கிய காரை ஊர்ந்து செலுத்தி வென்றார். பெட்டிக்கு இரண்டாம் இடம்.