பெட்ஸ் முதல் டெவர்ஸ் வரை: ரெட் சாக்ஸ் ரசிகரின் கோபம் நியாயமா? (நேயர் கேள்விக்கு விளக்கம்)

வணக்கம். அமெரிக்க பேஸ்பால் அணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் பற்றிய சென்ற காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி நல்ல வீரர்களை விட்டுவிடுகிறது என்று அடிக்கடி வருத்தப்படுகிறீர்கள். ஆனால் 2025இல் ரஃபேல் டெவர்ஸைக் கொடுத்த பிறகும் அந்த அணி பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டச் சுற்றுக்குப் போனதே? அப்படியானால் நிர்வாகம் செய்தது சரிதானே?" கேள்வி நியாயமானது. பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வீரர்களை மாற்றிக்கொள்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் பந்துவீச்சாளர் கிறிஸ் சேலை அட்லாண்டா பிரேவ்ஸ் அணிக்கு அனுப்பினார்கள். மறு ஆண்டே அவர் 18 வெற்றி, 225 ஸ்டிரைக் அவுட்டுகளுடன் (பேட்டர் பந்தை ஆட்டத்துக்குள் அடிக்காமலேயே வீச்சாளரிடம் அவுட் ஆவது) சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை வென்றார். பார்க்க வயிறு எரிந்தது என்பது உண்மை. ஆனாலும் பல ஆண்டுகளாகக் காயத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பந்துவீச்சாளர் அப்படித் திரும்பி வருவார் என்று யாராலும் கணித்திருக்க முடியாது. அதற்காக நிர்வாகத்தைக் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தம் வேறு. இன்று எடுக்கும் முடிவுக்கும் நேற்று எடுத்த முடிவுக்கும் இவர்களிடம் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மூக்கி பெட்ஸ் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். 2018இல் ரெட் சாக்ஸ் 108 ஆட்டங்களில் வென்று, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரையும் கைப்பற்றியது. அந்த ஆண்டு பெட்ஸின் பேட்டிங் சராசரி .346, 32 ஹோம் ரன், 30 பேஸ் திருட்டு (வீச்சாளர் பந்தை வீசும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது), இரண்டு லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அணியின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் வலப்புறப் பகுதி மிகவும் விரிந்தது, அங்கே சுவரும் வளைந்து வளைந்து போகும். பந்து பேட்டில் பட்ட மாத்திரத்தில் அது எந்த வளைவில் போய் விழும் என்று கணித்துவிட்டு, தலையைத் திருப்பாமலேயே அந்த இடத்துக்கு ஓடிப் போய் நிற்பார் பெட்ஸ். அப்படிப்பட்டவரைத்தான் 2020 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்தார்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டு ஓர் அணியின் மொத்தச் சம்பளம் 20 கோடியே 80 லட்சம் டாலரைத் தாண்டினால் ஆடம்பர வரி கட்ட வேண்டும். ரெட் சாக்ஸ் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் வரம்பைத் தாண்டியிருந்தது. மூன்றாம் முறையும் தாண்டினால் கூடுதல் தொகைக்கு வரி விகிதம் 50 சதவீதம். ஒரே ஓர் ஆண்டு வரம்புக்குள் வந்துவிட்டால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அதற்காக பெட்ஸோடு அதிகச் சம்பளம் வாங்கிய பந்துவீச்சாளர் டேவிட் பிரைஸையும் சேர்த்து அனுப்பி, பிரைஸின் மீதிச் சம்பளத்தில் பாதியையும் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். பதிலுக்கு வந்தவர்கள் அலெக்ஸ் வெர்டூகோ, கானர் வாங், ஜீட்டர் டவுன்ஸ் ஆகிய மூவர். டாட்ஜர்ஸ் ஐந்தே மாதங்களில் பெட்ஸுக்கு 12 ஆண்டுகளுக்கு 36 கோடியே 50 லட்சம் டாலர் ஒப்பந்தம் கொடுத்து, 2020, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகத் தொடரை வென்றது.

சரி, வரியை மிச்சப்படுத்துவதுதான் கொள்கை என்றால் அதிலாவது உறுதியாக நின்றார்களா? 2022 ஆகஸ்ட் 1 அன்று நடந்ததைப் பாருங்கள். ஹூஸ்டனில் ஆட்டத்துக்கு முன் பேட்டிங் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. 2008இல் தேர்வாகி, 14 ஆண்டுகள் இந்த அமைப்பிலேயே வளர்ந்த கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) கிறிஸ்டியன் வாஸ்கெஸுக்கு, எதிரணியான ஆஸ்ட்ரோஸுக்கே அவரை மாற்றிவிட்டார்கள் என்ற செய்தி மைதானத்தில் நிற்கும்போதே வருகிறது. அவர் அப்படியே எதிரணியின் ஓய்வறைக்கு நடந்து போனார். அதே ஆண்டு உலகத் தொடரில் ஆஸ்ட்ரோஸ் வீச்சாளர்கள் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் முடித்த ஆட்டத்தில் கேட்சராக இருந்தவர் அவர்தான். வாஸ்கெஸை விற்றார்களே, அணியைக் கலைத்து மீண்டும் கட்டப்போகிறார்கள் போலும் என்று நினைத்தோம். இல்லை, ஜே. டி. மார்ட்டினெஸையும் நேதன் இயோவால்டியையும் வைத்துக்கொண்டு, டாமி ஃபாம், எரிக் ஹாஸ்மர் ஆகியோரைப் புதிதாகச் சேர்த்தார்கள். முழுதாக விற்கவும் இல்லை, வெல்லவும் இல்லை. 78 வெற்றி, 84 தோல்வியுடன் பிரிவில் கடைசி இடம். அதற்கு மேல் அந்த ஆண்டும் வரி வரம்பைத் தாண்டினார்கள். அதனால் அணியின் நட்சத்திர வீரர் ஜாண்டர் போகார்ட்ஸ் 28 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சான் டியேகோவுக்குப் போனபோது, ஈடாகக் கிடைக்கும் புதுமுகத் தேர்வு வாய்ப்பும் இரண்டாம் சுற்றுக்குப் பின்னாலிருந்து நான்காம் சுற்றுக்குப் பின்னால் தள்ளிப்போனது. கடைசி இடத்தில் முடிந்த அணிக்காக வரியும் கட்டி, அதற்குத் தண்டனையும் பெற்றதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இப்போது டெவர்ஸுக்கு வருகிறேன். 16 வயதில் டொமினிக்கன் குடியரசிலிருந்து அழைத்து வந்த பிள்ளை அவர். 2023 ஜனவரியில் அவருக்கு 10 ஆண்டுகளுக்கு 31 கோடியே 35 லட்சம் டாலர் கொடுத்து, அணியின் முகம் இவர்தான் என்று அறிவித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அலெக்ஸ் பிரெக்மனைக் கொண்டுவந்து, அதுவரை டெவர்ஸ் நின்ற மூன்றாம் பேஸில் நிறுத்தினார்கள். ஃபீல்டிங்கே செய்யாமல் பேட்டிங் மட்டும் செய்யும் இடத்துக்கு டெவர்ஸை நகர்த்தினார்கள். முதலில் மறுத்தவர் பின்னர் இணங்கினார். மே மாதத்தில் முதல் பேஸ் வீரர் டிரிஸ்டன் காசாஸ் முழங்காலில் அடிபட்டு விழுந்ததும், இனி முதல் பேஸில் நில் என்றார்கள். கையுறையை எடுத்து வைத்துவிடு என்று சொன்னவர்களே இப்போது மீண்டும் மாட்டச் சொல்கிறார்களே என்று அவர் வெளிப்படையாகவே பேசினார். அணியின் தேவைக்காக அவர் இறங்கி வந்திருக்கலாம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பிரெக்மன் வரப்போவதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருந்தால் இந்தப் பிணக்கே வந்திருக்காது. ஜூன் 15 அன்று, பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸை மூன்று ஆட்டங்களிலும் வீழ்த்திய தொடரின் கடைசி ஆட்டத்தில் ஹோம் ரன் அடித்த டெவர்ஸை, அன்று மாலையே சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

நேயர் சொன்னது உண்மைதான். அதற்குப் பிறகு 89 வெற்றிகளுடன் அணி பிளேஆஃபுக்குப் போனது. இளைஞர்கள் நன்றாக ஆடினார்கள், மகிழ்ச்சி. ஆனால் முதல் சுற்றிலேயே அதே யாங்கீஸிடம் மூன்று ஆட்டத் தொடரை இழந்து வெளியேறியது. இளம் பேட்டர் ரோமன் ஆந்தனி காயத்தால் ஆடவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். இருந்தும் அந்த மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து ஆறு ரன். முடிவைத் தீர்மானித்த மூன்றாம் ஆட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரே அடியில் ஆட்டத்தைத் திருப்பக்கூடிய பேட்டர் வரிசையின் நடுவில் இல்லாததை அன்றிரவு ஒன்பது இன்னிங்ஸும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பருவம் முடிந்ததும் பிரெக்மனும் தன் ஒப்பந்தத்திலிருந்து விலகி, பின்னர் சிகாகோ கப்ஸ் அணியில் சேர்ந்தார். எந்த மூன்றாம் பேஸுக்காக டெவர்ஸோடு மனக்கசப்பு வந்ததோ, அங்கே இப்போது டெவர்ஸும் இல்லை, பிரெக்மனும் இல்லை.