அந்தச் சிறுவனின் அம்மா எங்கே?

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணி நண்பர்களுக்கும், பிள்ளைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் என் வணக்கம்.

'சிங்கப்பூரில் சிறுவர் கதை எழுத வருபவருக்குப் பெரிதும் கைகொடுப்பது ஆசிய நாட்டார் கதைகளா, இன்றைய அன்றாட வாழ்க்கையா?' இதுதான் தலைப்பு. நாட்டார் கதைகளே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பன்னிரண்டாவது மாடியில் வளரும் பிள்ளைக்குக் காடும் முதலையும் அந்நியம் என்றார். பழங்கதையைத் திருப்பிச் சொல்வது நகல் எடுக்கிற வேலை, எழுத்தாளருக்கு அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கதைகளில் கொலையும் கொடுமையும் அதிகம், பிஞ்சு மனசுக்கு ஆகாது என்றார். மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

முதலையிலிருந்தே தொடங்குகிறேன். சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பாலத்தில் நின்றபடியே கீழே உவர்நீர் முதலை மிதப்பதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. புலாவ் உபின் தீவில் பெரிய சருகுமான் வாழ்கிறது. நம் தீவின் நடுவே, நீர்த்தேக்கங்களைச் சுற்றியுள்ள காட்டில் அதன் சின்ன வகை இருக்கிறது. உடம்பு முயல் அளவு, கால்கள் பென்சில் பருமன். இந்தச் சருகுமான்தான் மலாய்க் கதைகளின் நாயகன் சாங் கஞ்சில். அந்தப் பன்னிரண்டாவது மாடிப் பிள்ளை குடியிருக்கிற நாட்டிலேயே கதையின் இரண்டு பாத்திரங்களும் உயிரோடு இருக்கின்றன. அறிமுகப்படுத்தி வைக்க ஆள்தான் வேண்டும்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆற்றுக்கு அக்கரையில் பழம் பழுத்துத் தொங்குகிறது. ஆறு நிறைய முதலை. கஞ்சில் கரையில் நின்று குரல் கொடுக்கிறது: "சுலைமான் ராஜா உங்களுக்கெல்லாம் விருந்து வைக்கப் போகிறார். எத்தனை பேர் என்று எண்ணிவரச் சொன்னார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வரிசையாகப் படுங்கள்." முதலைகள் படுக்கின்றன. கஞ்சில் முதுகுக்கு முதுகு தாவி எண்ணுகிறது: "சத்து, துவா, தீகா லெக்கோக்! ஜந்தான், பெத்தினா, ஆக்கு கெத்தோக்!" ஒன்று, இரண்டு, மூன்று, ஆணோ பெண்ணோ, எல்லார் முதுகிலும் தட்டுகிறேன் என்று எண்ணிக்கொண்டே ஓடுகிறது. அது அக்கரை சேர்ந்த பிறகுதான் முதலைகளுக்கு விஷயம் விளங்குகிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது, 'கெத்தோக்' வருகிற இடத்தில் தரையைத் தட்டாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. யாரும் தட்டச் சொல்வதில்லை. அந்த இரண்டு வரியில் எண்ணிக்கை இருக்கிறது, சந்தம் இருக்கிறது, தாவுகிற காலின் தாளம் இருக்கிறது, அடுத்த முதலை வாயைத் திறந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு, தமக்கு வேண்டாத சொல்லையெல்லாம் உதிர்த்துவிட்டு மிச்சம் வைத்த வரிகள் அவை. ஒரு பக்கம் முழுக்க வர்ணனை எழுதிவிட்டு, பிள்ளை ஏன் பாதியில் எழுந்து ஓடுகிறது என்று யோசிக்கிற எழுத்தாளர் யாராக இருந்தாலும், இந்த இரண்டு வரியை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.

சரி, நகல் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

ஜப்பானில் 712-ஆம் ஆண்டு எழுதி முடிக்கப்பட்ட கோஜிக்கி என்ற நூலில் இதே தந்திரம் வருகிறது. ஓக்கி தீவில் இருக்கும் முயல் கடலைத் தாண்ட வேண்டும். "உன் இனம் பெரிதா, என் இனம் பெரிதா, எண்ணிப் பார்ப்போம்" என்று கடல் விலங்குகளை வரிசையாகக் கிடக்கவைத்து முதுகின் மேல் ஓடுகிறது. கரையை எட்டும் நேரத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. "நன்றாக ஏமாந்தீர்களா?" என்று கேட்டுவிடுகிறது. கடைசியாகக் கிடந்த விலங்கு அதைப் பிடித்து ரோமத்தை எல்லாம் பிய்த்து எறிகிறது.

மலாய்க் கதை முடிகிற கரையில்தான் ஜப்பானியக் கதை சூடு பிடிக்கிறது. அழுதுகொண்டு கிடக்கும் முயலிடம், அந்த வழியாகப் போன தெய்வ சகோதரர்கள் "உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டுக் காற்றில் காய்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சொன்னபடி செய்த முயலுக்கு உடம்பெல்லாம் வெடிக்கிறது. அண்ணன்மாரின் மூட்டையைச் சுமந்துகொண்டு கடைசியாக வருகிறான் தம்பி ஓகுனினுஷி. அவன்தான் நின்று, என்ன ஆயிற்று என்று கேட்கிறான். நல்ல தண்ணீரில் கழுவச் சொல்கிறான். சம்பங்கோரையின் பூந்தூளைப் பரப்பி அதில் புரளச் சொல்கிறான். புண் ஆறுகிறது. ஒரு கதை, சின்னவன் ஜெயித்ததைக் கொண்டாடுகிறது. இன்னொன்று, வாய்த்துடுக்கால் அடிபட்டவனுக்கும் மருந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்கிறது. இதில் எது நகல் என்று தோழிதான் சொல்ல வேண்டும்.

நம்முடைய குரங்கும் முதலையும் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். "இதயத்தை மரத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்" என்று குரங்கு சொல்லித் தப்புகிறதே, அதே கதைதான். பஞ்சதந்திரத்தில் இருக்கிறது, பௌத்த ஜாதகக் கதைகளிலும் இருக்கிறது. கொரியாவில் அந்தக் குரங்கு முயலாகிவிட்டது, முதலை ஆமையாகிவிட்டது, இதயம் ஈரலாகிவிட்டது, முதலையின் மனைவி இருந்த இடத்தில் நோயில் படுத்த கடல் ராஜா வந்துவிட்டார். 1145-இல் தொகுக்கப்பட்ட சாம்குக் சாகி என்ற வரலாற்று நூலிலேயே அந்தக் கதையின் பழைய வடிவம் இருக்கிறது. பான்சோரி என்ற அவர்களுடைய பாட்டுக்கதை மரபில் இன்றும் மேடையேறுகிறது. வழியில் எத்தனை பேர் வாய்க்கு வந்தபடி மாற்றியிருப்பார்கள்! அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. மாற்றிச் சொன்னதால்தான் கதை நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்று எழுதுகிறவர் அந்த வரிசையில் அடுத்து நிற்கிறார், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: மலாய்க் கதையை எடுத்தால் இது மலாய் மக்களின் கதை என்று முதல் பக்கத்திலேயே போட வேண்டும். அது மரியாதை.

நம் ஊர் வகுப்பறையில் நிலாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். தமிழ்ப் பிள்ளை, அங்கே பாட்டி வடை சுடுகிறாள் என்னும். சீனப் பிள்ளை, முயல் மருந்து இடிக்கிறது என்னும். கொரியப் பிள்ளை இருந்தால், அதே முயல் அரிசிப் பலகாரத்துக்கு மாவு இடிக்கிறது என்று சொல்லும். 2013-இல் நிலவில் இறங்கிய சீன ஊர்தியின் பெயரே அந்த நிலா முயலின் பெயர்தான். பாட்டியும் முயலும் நிலாவில் சந்தித்தால் என்ன பேசிக்கொள்வார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், சிங்கப்பூரில் மட்டுமே பிறக்கக்கூடிய ஒரு படக்கதை தயார்.

மூன்றாவது குற்றச்சாட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறேன். அது என் மனசுக்கு நெருக்கமான விஷயம்.

செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூலில் ஒரு கதை வருகிறது. சிங்கப்பூர்க் கரையை வாள்மீன்கள் தாக்குகின்றன. தண்ணீரிலிருந்து எகிறி வந்து, கரையில் நிற்பவர்களின் நெஞ்சிலும் கழுத்திலும் குத்துகின்றன. யானை மேல் வந்த மன்னர், வீரர்களை வரிசையாக நிறுத்தி, அவர்களுடைய கால்களையே அரணாக வைக்கச் சொல்கிறார். ஆள் மேல் ஆள் விழுகிறது. அப்போது ஒரு சிறுவன் கேட்கிறான்: "காலை ஏன் அரணாக வைக்கிறோம்? வாழைமரத்தை வெட்டி வைத்தால் ஆகாதா?" வைத்தார்கள். பாய்ந்து வந்த மீன்களின் மூக்கு வாழையில் செருகி மாட்டிக்கொண்டது. ஊர் பிழைத்தது. அப்புறம் பெரிய மனிதர்கள் மன்னரின் காதில் ஓதினார்கள்: இந்த வயசிலேயே இவ்வளவு புத்தி, வளர்ந்தால் என்ன ஆகும்? சிறுவனைக் கொன்றுவிட்டார்கள். அவன் இரத்தம் ஊறிச் சிவந்த குன்றுதான் புக்கிட் மேரா என்பது ஊர்க்கதை. எம்ஆர்டி ரயிலில் ரெட்ஹில் என்று ஒரு நிலையம் வருகிறதே, அந்த வட்டாரம்தான்.

கொடுமையான கதை, மறுக்கவில்லை. ஐந்து வயசுப் பிள்ளைக்குச் சொன்னால் நான் வாழைமரத்தோடு நிறுத்திக்கொள்வேன். அதுவரையிலேயே ஒரு முழுக் கதை இருக்கிறது. ஒன்பது, பத்து வயசுப் பிள்ளைக்கு மறைக்க மாட்டேன். "பெரியவங்க பேசும்போது நீ சும்மா இரு" என்று ஒரு தடவையாவது வாயடைக்கப்பட்ட பிள்ளைகள்தானே நம் பிள்ளைகள்? சரியாகச் சொன்னதற்காகவே ஒருவனைப் பிடிக்காமல் போகும் என்பது அந்த வயசில் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த வலியைக் கதையில் பார்க்கும்போது, தனக்கு மட்டும் நடந்ததில்லை என்று பிள்ளைக்கு ஒரு தெம்பு வருகிறது. அந்தப் பழைய நூலும் மன்னர் பக்கம் சாயவில்லை. சிறுவனின் இரத்தப்பழி நாட்டின் மேல் விழுந்தது என்று எழுதி வைத்திருக்கிறது. அரசவைக்காரர்கள் எழுதிய நூலில் இந்த வரி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி எழுத்தாளர் பக்கமிருந்து பார்ப்போம். அந்த நூலில் சிறுவனுக்குப் பெயர் கிடையாது. அவன் அம்மாவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மகன் ஊரைக் காப்பாற்றினான் என்று அவளிடம் யார் போய்ச் சொன்னார்கள்? அடுத்த செய்தியை யார் சொன்னார்கள்? வெட்டிய வாழை யாருடைய தோட்டத்து வாழை? குலை தள்ளுகிற நேரத்தில் வெட்டச் சம்மதித்தது யார்? காலை அரணாக வைத்து நின்ற வீரர்களில் ஒருவருக்குப் பத்து வயசு மகள் இருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறுவன் வாய் திறந்ததால் அவளுடைய அப்பா இரண்டு காலோடு வீடு திரும்பியிருக்கிறார். மறுநாள் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று அவள் காதில் விழுகிறது. அப்பாவோ மன்னரின் ஆள். அவள் என்ன செய்வாள்?

ஒரு சிறார் நாவலுக்கு இதைவிட வலுவான கேள்வி எனக்குத் தெரியவில்லை. அன்றாட வாழ்க்கை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அந்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது, காயத்தைக் கழுவும்போது அப்பா எப்படி முனகுகிறார், மகள் எதைக் கேட்கத் தயங்கி எதைக் கேட்கிறாள் என்பதெல்லாம் என் வீட்டிலிருந்தும் உங்கள் வீட்டிலிருந்தும்தான் வரும். அவளை அந்த இக்கட்டில் கொண்டுபோய் நிறுத்தியது மட்டும் பழங்கதை. தலைப்பு கேட்பது எது பெரிதும் கைகொடுக்கிறது என்று. நான் அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

எதிரணி சொல்லாமல் விட்ட ஓர் ஆபத்து உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊருக்கு அது பட்ட அனுபவம். பீச் பழத்திலிருந்து பிறந்த மோமோதாரோ என்ற பையன், நாய், குரங்கு, காட்டுக்கோழி மூன்றையும் கூட்டிக்கொண்டு போய் அரக்கர் தீவை வென்று வருவது ஜப்பானின் மிகப் பிரபலமான சிறுவர் கதை. 1945-இல் ஜப்பானியக் கடற்படையின் ஆதரவில் அதை முழுநீள அசைபடமாக வெளியிட்டார்கள். அதில் மோமோதாரோ படைத்தலைவன், விலங்குகள் சிப்பாய்கள், தலையில் கொம்பு முளைத்த அரக்கர்களாக வருபவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். நம் தாத்தா பாட்டிகள் இங்கே ஜப்பானிய ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிடித்திருந்த காலம் அது. பார்த்தீர்களா, நாட்டார் கதை எவ்வளவு அபாயமானது என்று எதிரணி கேட்கலாம்.

அதே கதையை 1924-இல், அதாவது அந்தப் படத்துக்கு இருபத்தோரு வருடம் முன்பே, அகுதாகாவா ரியுனோசுகே என்ற எழுத்தாளர் திருப்பிப் போட்டு எழுதிவிட்டார். அவர் கதையில் அரக்கர்கள் தங்கள் தீவில் பாட்டும் ஆட்டமுமாக நிம்மதியாக வாழ்கிறவர்கள். கொள்ளையடிக்க வந்தவன் மோமோதாரோ. ஒரே பழம், ஒரே பையன், அதே மூன்று விலங்குகள். ஒருவர் கேள்வி கேட்டார், இன்னொருவர் கொடி பிடித்தார். இந்தக் கதைகளுக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. பலம் இருக்கிற பொருளை, பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர்கள் பயந்து கீழே வைத்துவிட்டால் அது சும்மா கிடக்காது. வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் நல்ல எழுத்தாளர்கள் இங்கே வர வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள் நடுவர் அவர்களே, ஒரே நிமிடம். இன்று இரவு ரெட்ஹில் வழியாக வீடு திரும்புகிறவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வயசு பார்த்து அந்தக் கதையைச் சொல்லுங்கள். கதை முடிந்ததும் பிள்ளை ஏதாவது கேட்கும். பதில் சொல்ல அவசரப்படாமல், அந்தக் கேள்வியை அதன் வார்த்தைகளிலேயே எழுதி வையுங்கள். எதிரணித் தோழியும் எழுதி வைக்க வேண்டும். அவர் எங்களைவிட நன்றாக எழுதக்கூடியவர். தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.