நடுத்தரச் சீட்டும் ஓயாமல் ஏற்றுபவரும்

நேயர்களுக்கு வணக்கம். போக்கரில் ஏஸ் ஜோடி வந்தால் எப்படி ஆடுவது என்று யாரும் கேட்பதில்லை. திண்டாட்டமெல்லாம் நடுத்தரச் சீட்டில்தான். அதிலும், எந்தச் சீட்டு வந்தாலும் உள்ளே நுழைந்து சுற்றுக்குச் சுற்று பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போகிற ஒருவர் எதிரே அமர்ந்துவிட்டால், கையிலுள்ள சாதாரண ஜோடியை என்ன செய்வது என்று புரியாது.

அதை வைத்துப் பந்தயத்தை ஏற்றவும் வேண்டாம், பயந்து கீழே வைக்கவும் வேண்டாம், அவர் வைத்த தொகைக்கு ஈடுகட்டிவிட்டுச் சும்மா இருங்கள் என்பதே என் கட்சி. நாம் ஏற்றினால், வெறுங்கையோடு மிரட்டிக்கொண்டிருந்தவர் விலகிவிடுவார். நம்மைவிட நல்ல சீட்டு இருந்தால் மட்டுமே தொடர்வார். மேசை நடுவே 100 ரூபாய் கிடக்க, அவர் கடைசிச் சுற்றில் இன்னொரு 100 வைத்தால், 100 கொடுத்து 200ஐ வெல்லப் பார்க்கிறோம். மூன்றில் ஒருமுறை வென்றாலே நட்டமில்லை. நிதானக்காரரிடம் அந்த ஒருமுறை கிடைப்பது அரிது. ஓயாமல் ஏற்றுபவரிடம் தாராளமாகக் கிடைக்கும். (பணம் வைத்து ஆடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம், கணக்கைத்தான் சொல்கிறேன்.)

2003ஆம் ஆண்டு, லாஸ் வேகாஸில், உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் ஆடி, கடைசியில் இருவர் எஞ்சினார்கள். ஒருவர் டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர். இணையத் தகுதிச்சுற்று வழியாக வந்தவர். மற்றவர் லெபனானில் பிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் சாம் ஃபார்ஹா. அடித்து ஆடுவதற்குப் பெயர்போனவர். ஒரு கட்டத்தில் ஃபார்ஹாவிடம் இஸ்பேட் ராணியும் ஒரு ஒன்பதும் இருந்தன. இருவருக்கும் பொதுவாக மேசையில் விழுந்தவை ஒன்பது, இரண்டு, ஆறு, எட்டு, மூன்று. அவற்றில் ஒன்பதும் ஆறும் எட்டும் இஸ்பேட். மணிமேக்கரிடம் இருந்தவை இஸ்பேட் ராஜாவும் ஓர் ஏழும். அதாவது எதுவும் சேரவில்லை. ஆனாலும் கடைசிச் சீட்டு விழுந்ததும் கையிருப்பு மொத்தத்தையும் நடுவே தள்ளினார்.

ஃபார்ஹா வெகுநேரம் யோசித்தார். ஐந்து இஸ்பேட் சேராமல் போய்விட்டதா என்று எதிராளியிடம் வாய்விட்டே கேட்டார். சரியாகத்தான் மோப்பம் பிடித்திருந்தார். பிறகும் ஒன்பது ஜோடியைக் கீழே வைத்துவிட்டார். மேசையில் மூன்று, தன் கையில் ஒன்று என நான்கு இஸ்பேட்கள் அவர் கண்ணெதிரே இருந்தன. மேசையிலுள்ள மூன்றோடு சேர்ந்து ஐந்தாக, எதிராளியிடம் இரண்டு இஸ்பேட்கள் இருக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைந்திருந்தது. புதியவர் இவ்வளவு துணிய மாட்டார் என்று எண்ணினாரோ என்னவோ! என் கணக்கில் அங்கே ஈடுகட்டியிருக்க வேண்டும். மணிமேக்கர் 25 லட்சம் டாலர் பரிசோடு வீடு திரும்பினார்.

எங்கே அமர்வது என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் இல்லை. ஓயாமல் ஏற்றுபவருக்கு இடப்பக்கம் அமருங்கள், அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நீங்கள் ஆடலாம். இன்னொன்று: மூன்றாவதாக ஒருவரும் அதே தொகைக்கு ஈடுகட்டியிருந்தால் நான் சொன்ன கணக்கு பொருந்தாது, அப்போது அந்தச் சாதாரண ஜோடியைக் கீழே வைத்துவிடுங்கள். வணக்கம்.