பழைய இரும்புக் கடையின் கொள்முதல் நோட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

தோட்டத்துப் பம்ப் செட்டில் மோட்டாரைப் பிரித்துச் செம்பை உருவிக்கொண்டு போய்விட்டார்கள், கேரட் வயலில் பித்தளை ஸ்பிரிங்க்ளர் நாசில் அத்தனையும் ஒரே இரவில் காணோம், தெருவிளக்குக் கம்பி அறுந்து தொங்குகிறது. இப்படி ஒரு செய்தி வந்ததும் ஊரே கேட்பது, "எவன் எடுத்தான்?" என்று. அதைவிட உருப்படியான கேள்வி, "எங்கே எடை போட்டான்?" என்பது. திருடிய செம்பை வீட்டில் வைத்துக்கொண்டு ஒருவனால் எதுவும் செய்ய முடியாது. அதைக் காசாக்க ஒரு தராசு வேண்டும். இன்றைய உரை அந்தத் தராசைப் பற்றியும், அதன் பக்கத்தில் இருக்க வேண்டிய ஒரு நோட்டைப் பற்றியும்.

நீலகிரிக்கு இதில் ஒரு வசதி உண்டு. இங்கே சேரும் பழைய உலோகம் கடைசியில் மலை இறங்கித்தான் ஆக வேண்டும். குன்னூர், பர்லியாறு வழியும் கோத்தகிரி வழியும் மேட்டுப்பாளையத்தில் போய் முடிகின்றன. மஞ்சூர், கெத்தை வழி காரமடைப் பக்கம் இறங்குகிறது. கூடலூரிலிருந்து முதுமலை வழியாக மைசூர், நாடுகாணி வழியாக நிலம்பூர், பாட்டவயல், தாளூர் வழியாக வயநாடு. விரல் விட்டு எண்ணக்கூடிய பாதைகள். அவற்றில் முதுமலை, பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியே இருக்கும். அப்படியானால் சோதனைச் சாவடியிலேயே பிடித்துவிடலாமே என்று தோன்றும். அது தாமதமான இடம். சாவடிக்கு வருவதற்குள் கம்பி அடி அடியாக வெட்டப்பட்டு, எரிக்கப்பட்டு, பத்துப் பேருடைய சரக்கோடு கலந்து, ஒரு பிக்கப் லோடாகிவிட்டது. எது யாருடையது என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது. முதல் கடையில், முதல் எடையில்தான் பொருளுக்கு முகம் இருக்கிறது.

திருடனுக்குக் கிடைக்கும் காசையும் ஊருக்கு ஏற்படும் சேதத்தையும் சேர்த்துப் பாருங்கள். இரும்பைவிடச் செம்பு கிலோவுக்கு இருபது மடங்குக்கும் மேல் விலை போகிறது. அதனால்தான் கை முதலில் செம்புக்குப் போகிறது. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் புதைத்த எர்த் பட்டையை அறுத்தால் கிடைப்பது சில கிலோ. ஆனால் எர்த் இல்லாத இடத்தில் மின்கசிவு ஏற்பட்டால் கம்பத்திலும் இரும்புப் பெட்டியிலும் மின்சாரம் நிற்கும். தொட்டவர் உயிர் போகலாம். மும்முனை லைனில் நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வோல்ட் வரைகூட ஏறும். அந்தத் தெருவில் டிவி, பிரிட்ஜ், பல்பு எல்லாம் ஒரே நேரத்தில் போகும். இதில் ஒரு வேடிக்கை, கண்ணாடி இழைக் கேபிளில் செம்பே கிடையாது. அது தெரியாமல் வெட்டிப் பார்த்துவிட்டு அப்படியே போட்டுப் போகிறார்கள். பத்துப் பைசா வருமானம் இல்லை, ஒரு பள்ளத்தாக்கு முழுக்க இணையம் போய்விடுகிறது.

கடைக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பது? "எனக்கு என்ன தெரியும், வந்ததை வாங்கினேன்" என்ற பதிலை நான் அவ்வளவு எளிதில் ஏற்க மாட்டேன். உலோகம் தன் கதையைச் சொல்லும். மின்வாரிய லைனில் போகும் அலுமினியக் கம்பி ஒன்றை எடுங்கள். தொழிலில் ராபிட் என்று சொல்லும் அளவில் 3.35 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆறு அலுமினிய இழைகள், நடுவில் அதே தடிமனில் ஓர் எஃகு இழை. கிலோமீட்டருக்கு 214 கிலோ எடை. எஃகை உருவி எறிந்துவிட்டு அலுமினியத்தை மட்டும் கொண்டு வந்தாலும், முறுக்கியிருந்த திருகு வளைவு ஒவ்வொரு இழையிலும் அப்படியே நிற்கும். அடி நீளத்துக்கு வெட்டினாலும் போகாது. எந்த வீட்டு வயரிங்கிலும் இப்படி ஓர் இழை வராது. டெலிபோன் கேபிள் என்றால் மெல்லிய செம்பு ஜோடி ஜோடியாக, பிசுபிசுப்பான ஜெல்லியோடு இருக்கும். மலை ரயிலின் பொருள் என்றால் சொல்லவே வேண்டாம். கல்லாறு முதல் குன்னூர் வரை போடப்பட்டிருக்கும் பல் தண்டவாளத்தின் துண்டு வேறு யார் வீட்டிலும் இருக்காது. தேயிலைத் தொழிற்சாலை ரோலிங் டேபிளின் பித்தளைச் சட்டங்களும் அப்படித்தான். தொழிற்சாலையின் கடிதம் இல்லாமல் அவற்றை வாங்குவது கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது.

எரித்த செம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயரின் பிளாஸ்டிக் உறையை நெருப்பில் போட்டு எரித்துத்தான் பெரும்பாலும் திருட்டுச் செம்பு வருகிறது, ஏனென்றால் கத்தியால் சீவினால் பத்து கிலோவுக்கு மணிக்கணக்கில் ஆகும். எரிக்கும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டையாக்ஸின் என்ற நஞ்சும் வெளியேறும். செம்பும் கறுத்து, முறுமுறுப்பாகித் தரம் குறையும். ஆகவே உறை எரிந்த வயரை வாங்கவே மாட்டேன் என்று கடை முடிவெடுத்தாலே பாதி வழி அடைபடும். இதில் ஒரு விலக்கு இருக்கிறது. மோட்டார் ரீவைண்டிங் கடையிலிருந்து வரும் பழைய காயில் வார்னிஷோடு வெந்துதான் வரும், அது நியாயமான சரக்கு. அது காயில் வடிவத்திலேயே, வளைவுகளோடு இருக்கும்; கூடவே ரீவைண்டிங் கடையின் பில்லைக் கேட்க வேண்டும்.

அளவும் ஒரு துப்பு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஒரு மீட்டருக்கு 22 கிராம் செம்பு. 90 மீட்டர் சுருள் முழுதுக்கும் சேர்த்து 2 கிலோதான். "வீட்டு வயரிங் மாற்றினேன்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் 10 கிலோ கொண்டு வந்தால் ஏறக்குறைய 450 மீட்டர் கணக்கு. ஒரு சிறிய வீட்டில் அவ்வளவு ஓடாது. எந்த வீடு, எந்த எலக்ட்ரீஷியன் என்று கேட்பதில் தப்பில்லை.

இப்போது நோட்டு. தேதியோடு நேரம், விற்பவர் பெயர், முகவரி, போன் எண், பார்த்த அடையாள அட்டை எது, அதன் கடைசி நான்கு எண்கள், வந்த வண்டியின் எண், உலோகத்தின் வகை, அது முழுசா, வெட்டியதா, எரித்ததா, எடை, விலை, பணம் போன விதம். முழு ஆதார் எண்ணை எழுதி வைக்க வேண்டாம். எண் மறைத்த நகல் போதும். பொருள் தராசுத் தட்டில் இருக்க, எடை எண் தெரிய ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். தராசும் ஆண்டுதோறும் தொழிலாளர் துறையின் முத்திரை பெற்றதாக இருக்கட்டும். முத்திரை காலாவதியான தராசின் எடையை வழக்கில் யாரும் எளிதில் கேள்வி கேட்கலாம்.

நோட்டு எங்கே பழுதாகிறது என்றால், சாயங்காலம் கடை மூடும்போது ஞாபகத்திலிருந்து எழுதும்போது. அப்போது எல்லாமே "கலவை, 40 கிலோ" என்று ஆகிவிடும். நோட்டின் உயிர் எடை போடும் நிமிடத்தில் எழுதுவதில் இருக்கிறது. இன்னொரு பழுது, பழகிய ஒருவரின் அட்டையை வைத்துக்கொண்டு வருகிறவர் எல்லாரையும் அவர் பெயரில் எழுதுவது. ஒரே ஆள் பெயரில் வாரம் மூன்று முறை செம்பு வந்தால், ஆய்வுக்கு வருபவர் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார். யுபிஐ பணம் வேறு பெயருக்குப் போவதும் அதே கதைதான். நோட்டில் இருக்கும் பெயரும் பணம் போன பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ரொக்கத்தை நிறுத்துவது பற்றி வெளிநாட்டு அனுபவம் இருக்கிறது. பிரான்ஸ் 2011-இல் பழைய உலோகத்துக்கு ரொக்கம் தருவதைத் தடை செய்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2012 டிசம்பரில் தடை செய்தன. ஆனால் வண்டியில் சுற்றி வாங்குபவர்களுக்கு விலக்கு கொடுத்தன. விலக்கு இருக்கும் பக்கம்தான் சரக்கு ஓடும். 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்த விலக்கை எடுத்துவிட்டது. கடைக்கு ஓர் உரிமம், சுற்றி வாங்குபவருக்குத் தனி உரிமம், இரண்டும் உள்ளாட்சி தருவது, 3 ஆண்டு செல்லும். பதிவேட்டையும் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

நம் ஊரில் அடகுக் கடைக்கு 1943-லேயே சட்டம் வந்துவிட்டது. உரிமம், அடகுச் சீட்டு, பதிவேடு எல்லாம் அதில் உண்டு. பழைய இரும்புக் கடைக்கு உள்ளாட்சி தரும் தொழில் உரிமமோ கடை இருக்கும் இடத்தையும் சுகாதாரத்தையும் பார்ப்பது. தராசில் யார் பொருள் ஏறுகிறது என்பது அதன் கவலை இல்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்துத் தொழில் இது. அப்போது காகிதம் எதற்கு? இப்போது நிலைமை வேறு. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவுள்ள வியாபாரி பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினால் வரியை வாங்குபவரே கட்ட வேண்டும், அதற்கான பில்லையும் தானே போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் காகிதம் எப்படியும் எழுதப்படுகிறது. அதில் அடையாள அட்டைக்கு ஒரு கட்டம் சேர்ப்பது பெரிய சுமை என்று நான் நினைக்கவில்லை. சரக்கு வண்டியில் போகும்போது கூட இருக்க வேண்டிய இ-வே பில்லை மட்டும் நம்ப முடியாது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், மாநிலம் கடந்தால் 50,000 ரூபாய்க்கு மேலும் இருந்தால்தான் அது தேவை. லோடைப் பிரித்து அனுப்பினால் அந்த வலையில் எதுவும் விழாது.

காலி டப்பாவும் ஓட்டை வாளியும் கொண்டு வரும் பாட்டியிடம் ஆதார் கேட்பது அபத்தம். தகரமும் இரும்பும் பத்து கிலோ வரை ரொக்கத்துக்கு வாங்கட்டும். செம்பு, பித்தளை, அலுமினியக் கம்பி, பேட்டரி ஈயம், இவற்றுக்கு ஒரு கிலோவானாலும் நோட்டு வேண்டும், ரொக்கம் கூடாது. அப்படிப்பட்ட சரக்கை ஏழு நாள் வெட்டாமல், உருக்காமல், பிறர் சரக்கோடு கலக்காமல் தனிச் சாக்கில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. தோட்டத்து மோட்டார் போனது பல நேரம் அடுத்த முறை தண்ணீர் பாய்ச்சப் போகும்போதுதான் தெரியவரும், அதனால் இரண்டு நாள் போதாது. கடைக்காரரின் முதல் அத்தனை நாள் முடங்கும் என்பதும் உண்மைதான். அதற்காகவே எல்லா உலோகத்துக்கும் இதைப் போடக் கூடாது என்கிறேன்.

நோட்டு போலீசுக்காக மட்டும் இல்லை. திருட்டு நடந்த சில நாளில் பொருள் யாரிடம் இருக்கிறதோ, அவர் அது எப்படி வந்தது என்று சொல்ல முடியாவிட்டால், அவரே திருடினார் அல்லது தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை. அதையே வழக்கமாகச் செய்தால் ஆயுள் வரை போகும். மின்கம்பிக்கு 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 136, 137 பிரிவுகள்: வெட்டுபவருக்கும் வாங்குபவருக்கும் 3 ஆண்டு வரை. ரயில்வே பொருளுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமை. நேர்மையாக வந்தது என்று வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 5 ஆண்டு வரை தண்டனை உண்டு.

விற்கும் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. எஸ்டேட்டோ ஊராட்சியோ கழித்த பொருளை ஏலம் விடும்போது வாங்கியவர் கையில் ஒரு சீட்டு கிடைக்கிறது. அதில் "பழைய பொருட்கள் ஒரு லாட்" என்று மட்டும் இருந்தால், ஆறு மாதம் வரை எந்தச் சரக்கையும் அந்தச் சீட்டைக் காட்டி நியாயப்படுத்தலாம். கேட் பாஸில் உலோக வாரியாக எடை, தேதி, வண்டி எண், சீட்டு செல்லும் கடைசி நாள் எல்லாம் இருக்க வேண்டும்.

தோட்டக்காரர்கள் மோட்டாரின் வரிசை எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். உலோகத்தில் எண்ணை அடித்துப் பதிக்கும் பஞ்ச்சால் பாடியிலும், மூடியிலும், ஷாப்ட் முனையிலும் உங்கள் குறியை அடியுங்கள். ஒன்றைத் தேய்த்தால் இன்னொன்று மிஞ்சும். பித்தளை நாசிலுக்குப் பதில் பிளாஸ்டிக் நாசில் போட்டாலே அந்தத் திருட்டுக்கு அர்த்தம் இல்லாமல் போகிறது. களவு போனால் அன்றே புகார் கொடுத்து மனு ரசீது வாங்குங்கள். புகாரில் "மோட்டார் வயர்" என்று மட்டும் எழுதாமல் நீளம், தடிமன், உறையின் நிறம், வெட்டிய இடத்தில் மிச்சம் இருக்கும் துண்டு எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்த மிச்சத் துண்டை எறிந்துவிடாதீர்கள். கடையில் பிடிபடும் கம்பியின் வெட்டு முனையோடு வைத்துப் பார்க்க அதுதான் கையில் இருக்கும். பொருள் பறிமுதல் ஆனால், போலீஸ் அங்கேயே எழுதும் பறிமுதல் பட்டியலான மகஜரில் எண்ணிக்கையோடு எடையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து நகல் கேளுங்கள். குற்றவியல் நடுவரிடம் மனு போட்டுப் பொருளைத் திரும்பப் பெறும் நாளில், அந்த எடையை வைத்துத்தான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

நன்றி, வணக்கம்.