காற்றாடிமலையின் புனிதர்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். தூய வாழ்வு பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு தலைப்பு கிடைத்தாலே நாம் விலக்க வேண்டியவற்றை அடுக்க ஆரம்பித்துவிடுவோம். குடி கூடாது, வெள்ளிக்கிழமை கறி கூடாது, சினிமா கூடாது. சினிமா விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு, அது இன்னொரு நாளைக்கு.

மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில், உம்முடைய சீடர்கள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்களே என்று பரிசேயர்கள், அதாவது சடங்கு முறைகளைக் கண்டிப்பாகப் பார்க்கும் யூதர்கள், இயேசுவிடம் குறை சொல்கிறார்கள். வெளியே இருந்து உள்ளே போவது எதுவும் மனிதனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளத்திலிருந்து வருவதுதான் தீட்டுப்படுத்தும் என்கிறார் அவர். களவு, கொலை, பேராசை, ஆணவம் என்று அந்தப் பட்டியல் நீளுகிறது.

இந்த வசனத்தை உயிரைக் கொடுத்து வாழ்ந்து காட்டிய ஒருவர் நம் குமரி மண்ணிலேயே இருந்தார். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டப் பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரசில் அதிகாரி. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுப் படைத் தளபதி டிலனாய்தான் அவருக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர். 1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு ஒருவரிடம் திருமுழுக்குப் பெற்று, தேவசகாயம் ஆனார். மனைவி பார்கவி, ஞானப்பூ ஆனார்.

அன்றைய திருவிதாங்கூரில் தூய்மை என்பதை அடிக்கணக்கில் அளந்தார்கள். யார் யாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. அந்த ஊரில், உயர்ந்த சாதியில் பிறந்த அரண்மனை அதிகாரி ஒருவர் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினால் சும்மா விடுவார்களா? அரசத் துரோகம் என்று குற்றம் சாட்டி 1749-இல் கைது செய்தார்கள். எருமை மேல் பின்புறமாக உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த காயத்தில் மிளகாய்த் தூளைத் தேய்த்தார்கள் என்று இன்றும் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் கோயிலில் அவருடைய கல்லறை இருக்கிறது.

இத்தோடு முடித்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வடக்கன்குளத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 1872-இல் ஒரு கோயில் கட்டினார்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால் போல இரண்டு நீள மண்டபம். ஒன்றில் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள், மற்றதில் மற்றவர்கள், நடுவில் சுவர். பூசை வைக்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். நற்கருணை அப்பம் வாங்க வந்தவர்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அடுத்த நூற்றாண்டில் அந்தச் சுவரை இடித்தபோது, திரும்பக் கட்டித் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். ஜெபமாலை சொன்னவர்கள், ஒருசந்தி நோன்பு இருந்தவர்கள்தான் அந்த வழக்கைப் போட்டார்கள். நல்லவேளை, தோற்றார்கள்.

2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் பொதுநிலையினரிலிருந்து, அதாவது குருவோ துறவியோ அல்லாதவர்களிலிருந்து, முதல் புனிதர். அதற்கு முன்பே, பலர் கேட்டுக்கொண்டதால், வத்திக்கான் அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை எடுத்துவிட்டது. சிலருக்கு வருத்தம்தான். எனக்கு அது சரியாகவே படுகிறது.

இனி ஞாயிற்றுக்கிழமை பேப்பரின் மணமகள் தேவை பக்கத்தைப் பாருங்கள். 'ஆர்.சி.', அதாவது ரோமன் கத்தோலிக்கர், என்று போட்டு, ஒரு காற்புள்ளி வைத்து, அடுத்து சாதி. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம்கூட இன்னும் இரண்டு. ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலத்தில் கறி மீனை விடுவதாக வீட்டில் முடிவு செய்திருப்பீர்கள். விடுங்கள், நல்லதுதான். அப்படியே, மகனுக்கோ மகளுக்கோ வரன் பார்க்கும் வீடாக இருந்தால், விளம்பரத்தில் அந்தக் காற்புள்ளிக்குப் பின்னால் என்ன எழுதப் போகிறீர்கள் என்று இன்றைக்கு இராத்திரி குடும்ப ஜெபத்தின்போது பேசிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.